தீண்டாமைக்கு எழுவாய் யார்?

பள்ளிப் பாடநூலின் தொடக்கப் பக்கத்தில் தீண்டாமையைப் பற்றிய மூன்று வரிகளைப் பார்த்தபடியேதான் நம்மில் பலர் படித்து வந்திருக்கிறோம். தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மை இல்லாத செயல் என்பது அந்த வரிகளின் சாரம். அவற்றை எழுதியவர்கள் தீண்டாமையை ஒரு செயல் என்றே சொன்னார்கள். செயல் என்றால் அதைச் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும். குற்றம் என்றால் குற்றவாளி ஒருவர் இருக்க வேண்டும்.

ஆனால் வரலாற்றுக் கேள்வி பதில்களிலும், தலைவர்களின் பிறந்தநாள் மேடைகளிலும், சில நேரம் செய்திகளிலும் வேறொரு சொல் வருகிறது: 'தீண்டத்தகாதவர்'. "அண்ணல் அம்பேத்கர் தீண்டத்தகாதவர்களுக்காகப் போராடினார்" என்று மாணவர்கள் எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் கிடைக்கிறது. தீண்டாமை, தீண்டத்தகாதவர் இரண்டும் ஒரே சங்கதியைத்தானே சொல்கின்றன என்று இரவுப் பள்ளியில் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதுண்டு. இல்லை என்பதே நம் பதில். ஒரு சொல் செய்தவரைக் காட்டுகிறது. இன்னொரு சொல் பாதிக்கப்பட்டவர் மேல் குறையை ஏற்றுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதால், தேநீர்க் கடை முதல் காவல் நிலையம் வரை நாம் இழந்தது கொஞ்சமல்ல.

கொல்லாமை ஆட்டின் குணமா?

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு மாணவர் செய்யும் பகுபத உறுப்பிலக்கணம் போதும். தீண்டாமை என்பதைப் பிரித்தால் தீண்டு + ஆ + மை. தீண்டு பகுதி. ஆ எதிர்மறை இடைநிலை. மை தொழிற்பெயர் விகுதி. ஆக, இது எதிர்மறைத் தொழிற்பெயர். ஒருவர் ஒரு செயலைச் செய்யாமல் இருப்பதற்குப் பெயர்.

திருக்குறள் அதிகாரத் தலைப்புகளில் இதே அமைப்பில் பல சொற்கள் இருக்கின்றன. கொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை, புறங்கூறாமை, கல்லாமை. கொல்லாமை யாருடைய குணம்? கொல்லாமல் இருக்கும் மனிதருடைய குணம். ஆட்டின் குணம் என்று யாராவது சொல்வார்களா? கல்லாமை யாருடைய குறை? படிக்காதவருடைய குறை. அதைப் புத்தகத்தின் குறை என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் தீண்டாமை யாருடைய குறை? தீண்ட மறுக்கிறவருடைய குறை. தமிழ் இலக்கணம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடுகிறது.

இப்போது அடுத்த சொல். தீண்டத்தகாதவர் என்பதில் 'தகு' என்ற சொல் உள்ளே வந்துவிடுகிறது. தகு என்பதிலிருந்துதான் தகுதி, தகவு, தகாத எல்லாம் பிறக்கின்றன. தீண்டுவதற்குத் தகுதி இல்லாதவர் என்பது இதன் நேர்ப்பொருள். கவனியுங்கள். தீண்ட மறுத்தவர் இந்தச் சொல்லில் எங்குமே இல்லை. அவர் மெல்ல நழுவிப் போய்விட்டார். எதிரே நிற்கிறவரிடம் ஏதோ குறை இருப்பதைப் போலவும், அந்தக் குறை காரணமாகத் தீண்டுதல் நடக்காமல் போனதைப் போலவும் இந்தச் சொல் பேசுகிறது. கொடுமை செய்தவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைப் போல இருக்கிறது இது.

நேராகப் பொருள் கொண்டால் 'தீண்டாதவர்' என்ற சொல்லைத் தீண்ட மறுக்கும் ஆதிக்கச் சாதிக்காரருக்குத்தான் சொல்ல வேண்டும். பேசாதவர் என்றால் பேச மறுக்கிறவர். கொடுக்காதவர் என்றால் கொடுக்க மறுக்கிறவர். ஆனால் 'தீண்டாதார்', 'தீண்டாச் சாதியார்' என்று பழைய எழுத்துகளில் குறிக்கப்பட்டவர்கள் நம் மக்கள். மொழியில் மற்ற எல்லாச் சொல்லுக்கும் ஒரு நியாயம், நமக்கு மட்டும் வேறு நியாயம்.

இந்தப் புரட்டு நேற்று வந்ததல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டுகளில், வரி விலக்குப் பெற்ற இடங்களைச் சொல்லும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் வருகின்றன. 1000 ஆண்டுகளுக்கு முன்பே சேரியின் பெயரில் தீண்டாமை ஒட்டவைக்கப்பட்டுவிட்டது. தீண்டாத ஊருக்கு ஒரு பெயரும் இல்லை. அது வெறும் ஊர். இன்றைக்கும் 'ஊர்' என்றால் ஒரு பக்கம், 'காலனி' என்றால் இன்னொரு பக்கம் என்றுதானே நம் கிராமங்களில் பேச்சு இருக்கிறது!

பிற மொழிகளைவிடத் தெளிவான சொல்

ஆங்கிலத்தில் 'அன்டச்சபிலிட்டி' என்கிறார்கள். 'அன்டச்சபிள்', அதாவது தொடக்கூடாதவர் என்ற சொல்லிலிருந்து அது வந்தது. வடமொழி வழி வந்த 'அஸ்பிருஷ்யதா' என்ற சொல்லும் அப்படித்தான். முதலில் மனிதரைத் தொடக்கூடாதவர் ஆக்கிவிட்டு, அந்தத் தன்மைக்குப் பெயர் வைக்கும் சொற்கள் அவை. இரண்டிலும் குறை பாதிக்கப்பட்டவரிடம் இருக்கிறது.

தமிழில் அப்படி இல்லை. தீண்டாமை என்ற சொல் மறுக்கிறவரின் செயலை நேரடியாகச் சொல்கிறது. கொடுமை இங்கே குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. கொடுமையைச் சரியாகச் சுட்ட நம் கையில் ஒரு நல்ல சொல் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே 'தீண்டத்தகாதவர்' என்று நாமும் எழுதிக்கொண்டிருப்பதுதான் வருத்தம்.

அம்பேத்கரே தம் நூலின் தலைப்பில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறாரே என்று சிலர் கேட்பார்கள். 1948-ல் வந்த அந்த நூலின் தலைப்பு ஒரு கேள்வி. அவர்கள் யார், ஏன் அப்படி ஆனார்கள் என்பதே அந்தக் கேள்வி. ஆனார்கள் என்றால் முன்பு அப்படி இல்லை என்றுதானே பொருள்? இன வேறுபாட்டாலோ, செய்த தொழிலாலோ தீண்டாமை பிறக்கவில்லை என்று அந்த நூலில் அவர் வாதிடுகிறார். அன்று உலகம் வழங்கிவந்த சொல்லை எடுத்து, அந்தச் சொல்லையே கூண்டில் ஏற்றினார்.

மகாத் குளத்தில் நடந்ததும் அதுதான். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். ஆடு மாடுகள் இறங்கிய குளம்தான் அது. நகராட்சி முன்பே எல்லோருக்கும் திறந்துவிட்ட குளமும்கூட. மக்கள் குடித்துவிட்டுப் போன பிறகு, குளம் தீட்டாகிவிட்டது என்று சாணமும் கோமியமும் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். தண்ணீரில் எதுவும் மாறவில்லை. தீட்டு ஊற்றியவர்களின் மனதில் இருந்தது. தீட்டு என்ற சொல்லே தீண்டு என்பதிலிருந்துதான் வருகிறது. வழக்கு நீதிமன்றம் போனது. நெடுங்கால வழக்கம் என்று சொல்லி விலக்கி வைத்தவர்களால் அந்த வழக்கத்தை நிரூபிக்க முடியவில்லை. 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அரசியல் நிர்ணய சபையில் இரண்டு சொற்கள்

இந்த இரண்டு சொற்களும் நேருக்கு நேர் மோதிய ஒரு நாள் உண்டு. 1948 நவம்பர் 29. அரசியல் நிர்ணய சபையில், இன்று 17-வது பிரிவாக இருக்கும் பிரிவு விவாதத்துக்கு வந்தது. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, அதை எந்த வடிவத்திலும் கடைப்பிடிப்பது தடை செய்யப்படுகிறது என்பது வரைவு. நசிருதீன் அகமது என்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மதத்தின் பேராலோ சாதியின் பேராலோ எவரையும் 'தீண்டத்தகாதவர்' என நடத்தவோ கருதவோ கூடாது என்று எழுதலாம் என்றார். அவர் நோக்கம் நல்லதுதான். சட்டம் தெளிவாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். அம்பேத்கர் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. தீண்டாமை என்ற சொல்லே நின்றது.

ஏன் அது நின்றது நல்லது என்று இன்று நமக்குத் தெரிகிறது. ஒருவரை எப்படிக் கருதினாய் என்று கேட்டால், "நான் அப்படிக் கருதவே இல்லை" என்று எவரும் சொல்லிவிடலாம். மனதுக்குள் யார் போய்ப் பார்ப்பது? என்ன செய்தாய் என்று கேட்டால் தப்ப முடியாது. தனிக் குவளை கண்ணுக்குத் தெரியும். பூட்டிய கோயில் கதவு கண்ணுக்குத் தெரியும். சுவர் கண்ணுக்குத் தெரியும்.

அதே விவாதத்தில் கே.டி.ஷா, தீண்டாமை என்றால் என்ன என்று வரைவில் விளக்கம் இல்லையே என்று கேட்டார். இழவு வீட்டில், மாதவிலக்கு நாளில் விலகி இருக்கச் சொல்வதும் இதில் சேருமா என்ற சந்தேகம் அவருக்கு. அரசமைப்புச் சட்டத்தில் இன்றும் விளக்கம் இல்லை. மேற்கோள் குறிக்குள் அந்தச் சொல் நிற்கிறது. பிறகு மைசூர் உயர் நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி வந்தபோது, அந்த மேற்கோள் குறியே வழிகாட்டியது. அகராதிப் பொருளில் யாரையும் தொடாமல் இருப்பது எல்லாம் இதில் வராது. இந்த நாட்டில் வரலாற்றில் வளர்ந்துவந்த, பிறப்பை வைத்து மக்களை விலக்கும் அந்த வழக்கத்தையே 17-வது பிரிவு குறிக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. தொற்றுநோய் வந்தவரைத் தனியே வைப்பது தீண்டாமை ஆகாது. நோய் போனால் அந்த விலக்கும் போய்விடும். சாதியின் பேரால் வைத்த விலக்கு, பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது.

சட்டம் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது?

1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-ல் அது திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4-வது பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம், பாதை, சுடுகாடு போன்ற இடங்களில் தடை விதிப்பதைக் குற்றம் ஆக்குகிறது. "நாங்கள் தடுக்கவில்லை, தனியாகக் கொடுத்தோம்" என்ற சாக்கும் அங்கே எடுபடாது. தீண்டாமையின் பேரால் காட்டும் எந்தப் பாகுபாடும் தடை விதித்ததாகவே கொள்ளப்படும் என்ற விளக்கம் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது.

இதைவிட முக்கியமானது 12-வது பிரிவு. இந்தச் சட்டத்தில் குற்றமாகச் சொல்லப்பட்ட ஒரு செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் மீது நடந்தால், அது தீண்டாமையின் பேரால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் செய்தவர். நான் தகுதியானவன் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை; ஏன் விலக்கினாய் என்று அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தீண்டத்தகாதவர் என்ற சொல் நம் தலையில் வைத்த சுமையை, சட்டம் இறக்கி உரியவர் தலையில் வைக்கிறது.

1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டபோது இன்னும் வெளிப்படையாகப் பட்டியல் போட்டார்கள். பொதுத் தெருவில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பும் புத்தாடையும் அணிவதை, திருமண ஊர்வலம் போவதை, பொதுத் தண்ணீரையும் சுடுகாட்டையும் பயன்படுத்துவதை, கோயிலுக்குள் நுழைவதை, கடையில் பொதுவான பாத்திரத்தைப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். இந்தப் பட்டியலை நம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டினால், அவர் வாழ்க்கை வரலாறு போலவே இருக்கும்.

"அவங்களா வர்றதில்ல"

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வழக்குகள் ஏன் தோற்கின்றன? காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, எழுவாய் காணாமல் போவது.

கோயில் பிரச்சினை வரும்போது ஊர்த்தெருவில் சொல்லும் பதிலை எல்லோரும் கேட்டிருப்போம். "நாங்க யாரையும் வேணாம்னு சொல்லல. அவங்களாத்தான் உள்ள வர்றதில்ல." இந்த வாக்கியத்தில் எழுவாய் யார்? நாம். தடுத்தவர் மறைந்துபோனார், வராதவர் குற்றவாளி ஆனார். சென்ற தலைமுறையில் உள்ளே போனவர் என்ன ஆனார் என்பதை வாக்கியம் சொல்வதில்லை. அடுத்த நாள் அறுவடை வேலைக்கு யாரையும் கூப்பிட மாட்டார்கள் என்பதையும் அது சொல்வதில்லை.

சமாதானக் கூட்டத்தில் இன்னொரு சொல் வரும்: 'இரு தரப்பினர்'. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதும் தீர்மானத்தில் "இரு தரப்பினரும் அமைதி காக்க வேண்டும்" என்பார்கள். மறுநாள் செய்தியில் "இரு தரப்பினரிடையே மோதல்" என்று வரும். தேர் நம் தெருவுக்கு வரவேண்டும் என்று கேட்டவர் ஒரு தரப்பு. வரக்கூடாது என்று கல் எறிந்தவர் இன்னொரு தரப்பு. இருவரையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தாயிற்று. கேட்டதும் குற்றம், அடித்ததும் குற்றம்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சுமார் 20 ஆண்டு காலம் ஒரு சுவர் நின்றது. 2008 மே மாதம் அதன் ஒரு பகுதியை அரசு இடித்தது. சுவர் இருந்தால் தொடுவது, தொடாமல் இருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அது தீண்டாமைதான். ஏனென்றால் சுவர் தானாக எழுவதில்லை. யாரோ முடிவு செய்து, யாரோ பணம் போட்டு, யாரோ செங்கல் அடுக்கியது அது.

இன்று நம் பகுதியிலும் பல கடைகளில் தனிக் குவளை மறைந்து பேப்பர் கப் வந்திருக்கிறது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் நமக்கு வருத்தமில்லை. தெரிந்த முகத்துக்குக் கண்ணாடி டம்ளர், காலனிக்காரருக்குப் பேப்பர் கப் என்றால் அது பழைய சிரட்டைதான்.

மனு எழுதும்போது

நம் மக்கள் கொண்டுவரும் மனுக்களைப் பார்க்கும்போது இலக்கணத்தின் அருமை தெரிகிறது. பெரும்பாலும் இப்படி இருக்கும்: "எங்கள் பகுதி மக்கள் தேநீர்க் கடையில் சமமாக நடத்தப்படுவதில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." நடத்தப்படுவதில்லை என்றால் யாரால்? எப்போது? எங்கே? எதுவும் இல்லை. இருப்பது தாழ்மை மட்டும்தான். விசாரிக்க வருகிறவர் "அப்படி எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போக இது வசதி.

அதையே இப்படி எழுதலாம்: "இந்தக் கடையை நடத்தும் இன்னார், இன்ன தேதி காலை 7 மணிக்கு, என் பக்கத்தில் நின்றவருக்குக் கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார். எனக்குப் பேப்பர் கப்பில் கொடுத்தார். நான் கண்ணாடி டம்ளர் கேட்டேன். 'உங்களுக்கு இதுதான்' என்றார். இன்னார் உடன் இருந்தார்." ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் இருக்கிறது. செய்தவரின் பெயர், செய்த செயல், நேரம், சாட்சி எல்லாம் இருக்கின்றன. இதை யாராலும் ஒரு வரியில் தள்ளிவிட முடியாது.

இன்னும் சில செய்திகளையும் நினைவில் வைத்துக்கொள்வோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை என்று 2018-ல் திருத்தம் வந்திருக்கிறது. வாய்மொழியாகச் சொன்ன புகாரைக் காவல் நிலைய அலுவலர் எழுதி, கையெழுத்து வாங்கும் முன் நமக்குப் படித்துக் காட்ட வேண்டும். அப்போது காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் சொன்ன பெயர் அதில் இருக்கிறதா, அல்லது "வாய்த்தகராறு ஏற்பட்டது" என்று இருக்கிறதா? தகராறு தானாக ஏற்படாது. அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். விசாரணையைத் துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவர் நடத்த வேண்டும் என்பது விதி. உதவிக்கு 14566 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

நாம் வைத்துக்கொண்ட பெயர்கள்

சொல்லில் என்ன இருக்கிறது, சோற்றுக்கு வழியைப் பாருங்கள் என்பவர்களும் உண்டு. நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. அயோத்திதாசர் 1907-ல் தொடங்கிய இதழில் வாரந்தோறும் சொற்களின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தார். எம்.சி.ராஜா சென்னை சட்டசபையில் வலியுறுத்தி, 1922-ல் இழிவான பெயர்களை விட்டு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசு ஏற்கச் செய்தார். இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் பொதுச் சாலையிலும் கிணற்றிலும் அலுவலகத்திலும் நுழையும் உரிமையைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். பெயருக்கான போராட்டமும் பாதைக்கான போராட்டமும் இங்கே ஒன்றாகவே நடந்தன.

அதனால்தான் 'தாழ்ந்தவர்' என்பதை மறுத்துத் 'தாழ்த்தப்பட்டவர்' என்று எழுதினார்கள். தாழ்ந்தவர் தானாகத் தாழ்ந்தவர்; தன்வினை. தாழ்த்தப்பட்டவர் என்றால் தாழ்த்தியவர் ஒருவர் இருக்கிறார். மராத்தியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'தலித்' என்ற சொல்லும் நொறுக்கப்பட்டவர் என்ற பொருளில் நொறுக்கியவரைச் சுட்டுகிறது.

மாணவர்களே, அடுத்த தேர்வில் 'தீண்டத்தகாதவர்' என்று எழுதப் பேனா போனால் ஒரு நொடி நிறுத்துங்கள். 'தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டவர்கள்' என்று எழுதுங்கள். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் உண்மையாக இருக்கும். ஆசிரியர் கேட்டால், கொல்லாமை ஆட்டின் குணமா என்று மரியாதையோடு கேளுங்கள். வீட்டில் அப்பாவோ அத்தையோ மனு எழுதித் தரச் சொன்னால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "செஞ்சது யாரு?" அந்தப் பெயரிலிருந்து மனுவைத் தொடங்குங்கள்.